பழைய காரின் பம்பருக்கு மறுகுரோம்: எந்த வழி நாள்படத் தாங்கும்?

பழைய காரை மீட்டெடுக்கிறவர்கள் எஞ்சினுக்கும் பெயின்ட்டுக்கும் மாதக்கணக்கில் யோசிப்பார்கள். பம்பர் என்று வந்துவிட்டால் மட்டும் "எங்கேயாவது கொடுத்து குரோம் போட்டுக்கொள்ளலாம்" என்று முடித்துவிடுவார்கள். அந்த ஒரு வாக்கியத்துக்குள் ஆறேழு வழிகள் இருக்கின்றன. வேலை முடிந்து கைக்கு வரும் நாளில் எல்லாமே ஒரே மாதிரிதான் மின்னும். இரண்டு மழைக்காலம் போனபிறகு பார்த்தால் ஒன்றில் போல்ட் துளையிலிருந்து பழுப்புக் கோடு வழிந்திருக்கும், இன்னொன்றில் கீழ் விளிம்பு தோலாக உரிந்திருக்கும், வேறொன்று போட்ட அன்று போலவே இருக்கும். செலவு மூன்றுக்கும் ஏறக்குறைய ஒன்றாகக்கூட இருந்திருக்கலாம்.

இங்கே நான் முக்கியமாகப் பார்க்கப்போவது நாள்படத் தாங்குமா என்பதைத்தான்; அசலோடு ஒத்துப்போகிறதா என்பதையும் சேர்த்துக்கொள்வேன். என் முடிவையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஓட்டுவதற்காக மீட்டெடுக்கும் கார் என்றால், பழைய பம்பரின் இரும்பு உறுதியாக இருந்தால், அதையே முழுமுறையில் செம்பு, இரட்டை நிக்கல், குரோம் என்று ஏற்றுவதுதான் சிறந்தது. இரும்பு தேறாது என்றால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பம்பர். மற்ற வழிகளுக்கும் அவற்றுக்குரிய இடம் உண்டு, ஆனால் சின்ன இடம்.

துருவைத் தடுப்பது குரோம் இல்லை

இது புரிந்துவிட்டால் பாதி முடிவு தானாக வந்துவிடும். பம்பரின் மேல் நாம் பார்க்கிற குரோமியம் வழக்கமாக 0.25 முதல் 0.5 மைக்ரான் தடிமன்தான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு பங்கு ஒரு மைக்ரான், அதிலும் பாதி. அந்த நீலம் கலந்த வெண்மையும், கீறல் விழாத கடினமும், மங்காத தன்மையும் அது தருபவை. ஆனால் அது படியும்போதே கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகளோடும் நுண்துளைகளோடும்தான் படிகிறது. தண்ணீரும் உப்பும் அவற்றின் வழியே உள்ளே போகத்தான் செய்யும். அவற்றைத் தடுத்து நிறுத்துவது கீழே இருக்கும் நிக்கல்.

இதற்கு வரலாற்றிலேயே ஒரு பெரிய சோதனை நடந்திருக்கிறது. கொரியப் போர் நடந்த 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் நிக்கலை ராணுவத் தேவைக்கு ஒதுக்கிவிட்டார்கள். கார் தயாரிப்பாளர்கள் நிக்கலை வெகுவாகக் குறைத்தோ, முழுவதும் விட்டுவிட்டோ, செம்பின் மேலேயே குரோம் போட்டு, பாதுகாப்புக்கு மேலே ஒரு தெளிவான லாக்கர் அடித்து அனுப்பினார்கள். ஷோரூமில் அது மற்ற குரோம் போலத்தான் இருந்தது. தெருவுக்கு வந்ததும் சீக்கிரமே துருவேறிப் பெயர் கெட்டது. 1952 வாக்கில் வந்த அமெரிக்க கார்களின் குரோமைப் பற்றி இன்றைக்கும் அந்தக் குறை சொல்லப்படுகிறது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். துத்தநாகம் பூசிய இரும்பில் கீறல் விழுந்தால் துத்தநாகம் தன்னைக் கொடுத்து இரும்பைக் காப்பாற்றும். நிக்கலும் செம்பும் அப்படியில்லை. அவை இரும்பைவிட மந்தமான உலோகங்கள். ஈரம் பட்டால் அரிப்பு முழுவதையும் இரும்பின்மேல் தள்ளிவிடும். எனவே முலாமில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தால்கூட அந்த இடத்து இரும்பு, முலாமே இல்லாத வெற்று இரும்பைவிட வேகமாகக் குழிந்துபோகும். குரோம் பம்பரில் துரு ஒரு புள்ளியாகத் தொடங்கி, பிறகு சுற்றிலும் கொப்புளமாக எழும்புவதன் காரணம் இதுதான்.

அதனால்தான் 1950-களிலிருந்து இரட்டை நிக்கல் முறை வளர்ந்தது. அடியில் கந்தகம் சேராத அரைப்பளபளப்பு நிக்கல், அதன்மேல் கந்தகம் கலந்த பளபளப்பு நிக்கல். மேல்நிக்கல் மின்வேதியியல்படி கீழ்நிக்கலைவிடச் சுலபமாக அரிபடும். குரோமின் நுண்துளை வழியே ஈரம் இறங்கினால், அரிப்பு மேல்நிக்கலைத் துளைத்துக் கீழ்நிக்கலைத் தொட்டதும் நேராக இறங்காமல் பக்கவாட்டில் பரவத் தொடங்கும். இரும்பை எட்டுவதற்கு அதனால் பல வருடங்கள் கூடுதலாக ஆகும். மொத்த நிக்கலில் குறைந்தது 60 சதவீதமாவது அடியில் இருக்கும் அரைப்பளபளப்பு நிக்கலாக இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி.

சரி, எவ்வளவு தடிமன்? அலங்கார நிக்கல்-குரோம் முலாமுக்கு ஐஎஸ்ஓ 1456, ஏஎஸ்டிஎம் பி456 என்ற தரநிலைகள் இருக்கின்றன. ஏஎஸ்டிஎம் தரநிலை பயன்பாட்டுச் சூழலை ஒன்றிலிருந்து ஐந்து வரை பிரிக்கிறது. ஒன்று என்பது வீட்டுக்குள் உலர்ந்த இடம். நான்கும் ஐந்தும் வெளியில் உப்பு, சேறு, கல்லடி எல்லாம் வாங்குகிற இடம். கார் பம்பர் இந்தக் கடைசி இரண்டில்தான் வரும். இரும்பின்மேல் அந்த நிலைக்கு 30 முதல் 40 மைக்ரான் இரட்டை நிக்கல் கேட்கிறது தரநிலை. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்; பட்டறையோடு பேசும்போது இதுதான் உங்கள் கையில் இருக்கும் ஒரே உருப்படியான கருவி.

முதலில், மாற்றத்தான் வேண்டுமா?

பழுப்பாகத் தெரிவதெல்லாம் செத்த முலாம் இல்லை. நுண்துளைகள் வழியே கசிந்த துரு மேலே படிந்து, பார்க்க மிக மோசமாக இருக்கும். துடைத்தால் அடியில் நிக்கல் முழுதாக இருக்கும். சமையலுக்குப் பயன்படும் அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்து, ஒரு கையகல இடத்தில் தேய்த்துப் பாருங்கள். அலுமினியம் குரோமைவிட மென்மையானது, கீறாது. துரு கரைந்து சாம்பல் நிறக் குழம்பாக வரும். துடைத்துவிட்டு விரல் நகத்தால் தடவுங்கள். நகம் தடங்கவில்லை, மெல்லிய கரும்புள்ளிகள் மட்டும் தெரிகின்றன என்றால், மெழுகு பூசிப் பல வருடம் ஓட்டலாம். தொழிற்சாலையில் போட்ட முலாமை, அதிலும் நல்ல காலத்தில் போட்டதை, அவசரப்பட்டு ஆசிட்டில் கரைப்பது எனக்கு மனம் ஒப்பாத காரியம். கரைத்தபிறகு அதைவிட நல்லதாகத்தான் திரும்பி வரும் என்பதற்கு யாரும் உறுதி தர முடியாது.

நகம் குழியில் மாட்டினால், அல்லது ஓரத்தில் செதில் பெயர்ந்தால், அது வேறு கதை. அப்போது பம்பரைக் கழற்றி உள்பக்கத்தைப் பாருங்கள். வெளியில் முகம் பார்க்கலாம் போலிருக்கும் பம்பரின் முதுகு அடுக்கடுக்காகத் துருப்பிடித்திருக்கும். ஸ்க்ரூடிரைவர் முனையால் தட்டினால் உறுதியான இரும்பு கணீரென்று கேட்கும். அரித்துப்போன இடம் மொத்தென்று கேட்கும். மடிப்புகளையும் போல்ட் துளைகளையும் கட்டாயம் தட்டிப் பார்க்க வேண்டும். எந்த வழியில் போவது என்பதைத் தீர்மானிப்பது இந்தச் சோதனைதான்.

இன்னொரு சின்ன விஷயம். கார்களில் குரோம் வந்தது 1920-களின் நடுவில். அதற்கு முந்தைய கார்களில் வெறும் நிக்கல்தான், லேசான மஞ்சள் சாயல் கொண்ட மினுமினுப்பு. அப்படிப்பட்ட கார் கையில் இருந்தால் குரோம் போடுவதே தவறு.

பழைய பம்பரையே முழுமுறையில் மீட்பது

முதலில் பழைய முலாமை முழுவதும் கழற்ற வேண்டும். குரோமியத்தைக் காரக் கரைசலில் மின்னோட்டத்தைத் திருப்பிவிட்டோ, ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டிலோ நீக்குவார்கள். நிக்கலை வேறு கரைசலில். "பழைய நிக்கல் நன்றாகத்தான் இருக்கிறது, அதன் மேலேயே ஏற்றிவிடலாம்" என்று பட்டறையில் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். காற்றுப்பட்ட நிக்கலின் மேல் ஒரு மந்தமான படலம் உண்டாகிவிடும். புது நிக்கல் அதில் சரியாகப் பிடிக்காது. தோலாக உரியும் பம்பர்களில் பல இப்படிப் போட்டவைதான்.

அப்புறம் வருவது டிங்கரிங். ஒடுக்கு எடுத்து, வளைவு நிமிர்த்தி, கிழிந்த இடத்தை வெல்டிங் செய்து, குழிகளை நிரப்புவது. பெயின்ட் வேலையில் பட்டி பூசி மறைக்கிற வசதி இங்கே கிடையாது. பட்டி மின்சாரம் கடத்தாது, அதன்மேல் முலாம் ஏறாது. குழியை வெல்டிங்காலோ, வெள்ளிப்பற்றாலோ, பித்தளைப்பற்றாலோதான் நிரப்ப வேண்டும். ஈயப்பற்றும் போடுவார்கள், மென்மையானது, பிற்பாடு அந்த இடத்தில் கொப்புளம் எழ வாய்ப்பு உண்டு. சில பட்டறைகள் எதையும் நிரப்பாமல், குழி மறையும்வரை சுற்றியுள்ள இரும்பைத் தேய்த்துக் கொண்டே போவார்கள். வழவழப்பு வரும், ஆனால் பம்பரின் கூர்மையான கோடுகள் உருண்டுபோகும், இரும்பும் மெலிந்துபோகும். அடுத்த முறை குரோம் போட அந்தப் பம்பரில் இரும்பு மிஞ்சாது.

இதற்குப் பிறகுதான் செம்பு. இரும்பின்மேல் நேராக ஆசிட் கரைசலில் செம்பு ஏற்றினால் பிடிக்காது. அதனால் முதலில் சயனைடு கரைசலில் செம்பின் ஒரு மெல்லிய படலம், அதன்மேல் ஆசிட் கரைசலில் கனமான படலம். மெல்லிய குழிகளையும் உப்புத்தாள் கோடுகளையும் சமன்செய்வது இந்தச் செம்புதான். செம்பு ஏறிய பம்பரைத் தொட்டியிலிருந்து எடுத்து, பஃபிங் சக்கரத்தில் பிடித்துத் தேய்ப்பார்கள். அந்தச் சிவந்த பரப்பில் மேடுபள்ளம் எல்லாம் தெள்ளத் தெளிவாகத் தெரியும். எங்காவது இரும்பு சாம்பல் நிறமாக எட்டிப்பார்த்தால் மறுபடி தொட்டி, மறுபடி செம்பு, மறுபடி பஃபிங். நல்ல வேலைக்கும் சுமாரான வேலைக்கும் நடுவில் இருப்பது பெரும்பாலும் இந்தச் சுற்றைப் பொறுமையாகத் திரும்பச் செய்வதுதான். முடிந்தால் இந்தக் கட்டத்தில் நேரில் போய்ப் பம்பரைப் பாருங்கள், அல்லது படம் அனுப்பச் சொல்லுங்கள். குரோம் ஏறியபின் கண்டுபிடிக்கிற மேடுபள்ளத்துக்கு வைத்தியம் கிடையாது.

"மூன்றடுக்கு குரோம்" என்ற விளம்பரத்தை இங்கே நினைவுபடுத்த வேண்டும். அது மூன்று முறை குரோம் போடுவது இல்லை. செம்பு, நிக்கல், குரோம் என்ற வழக்கமான மூன்றையும்தான் பெரும்பாலும் அப்படிச் சொல்கிறார்கள். சொல்லில் தவறில்லை. ஆனால் தடிமனைப் பற்றி அது ஒன்றுமே சொல்வதில்லை.

தடிமனைப் பற்றி எப்படிக் கேட்பது? ஒரு கணக்கு கைகொடுக்கும். நிக்கல் தொட்டியில் ஒரு சதுர டெசிமீட்டருக்கு ஒரு ஆம்பியர் மின்னோட்டம் விட்டால் மணிக்கு ஏறக்குறைய 12 மைக்ரான் படியும். வழக்கமான 4 ஆம்பியரில் மணிக்கு 48, 49 மைக்ரான். ஆக, 35 மைக்ரான் நிக்கலுக்கு முக்கால் மணி நேரத்துக்குக் குறையாமல் பம்பர் நிக்கல் தொட்டிகளில் இருந்தாக வேண்டும். "பத்து நிமிடத்தில் எடுத்துவிடுவோம்" என்று சொன்னால் அதில் 8 மைக்ரான்தான் ஏறியிருக்கும். பேச்சுவாக்கில் இந்த ஒரு கேள்வியைக் கேட்டாலே பட்டறையின் தரம் பிடிபட்டுவிடும். நல்ல பிளேட்டர் (முலாம் போடுபவர்) இதைக் கேட்டதும் கோபப்பட மாட்டார். உற்சாகமாகிவிடுவார், தன் தொட்டிகளைக் காட்டி விளக்கத் தொடங்குவார்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. மின்னோட்டம் விளிம்புகளிலும் முனைகளிலும் குவியும், பள்ளங்களில் குறையும். ஒரே பம்பரில் வெளிவளைவில் 45 மைக்ரானும் உள்மடிப்பில் பத்துக்குக் கீழும் இருக்கலாம். ஆழமான வளைவுள்ள பம்பர் என்றால், பள்ளத்துக்குள் துணை ஆனோடு (மின்னோட்டம் தரும் கூடுதல் முனை) வைத்துப் போடுவார்களா என்று கேளுங்கள். "முக்கியமான இடங்களில் குறைந்தது 30 மைக்ரான்" என்று ரசீதிலேயே எழுதி வாங்குவது நல்லது. சராசரி என்ற சொல்லை ஏற்காதீர்கள்.

பெயின்ட் தடிமன் பார்க்கும் காந்தக் கருவியை இதில் நம்ப முடியாது. நிக்கலே காந்தத்தில் ஒட்டும் உலோகம். கருவி அதையும் இரும்போடு சேர்த்து எண்ணிவிடும். எக்ஸ்-கதிர் கருவியோ, ஒரு சிறு புள்ளியைக் கரைத்து அளக்கும் கூலோமெட்ரிக் முறையோ வேண்டும். இரண்டும் இல்லாத பட்டறை என்றால், ஒரு இரும்புப் பட்டையைப் பம்பரோடு சேர்த்து அதே தொட்டிகளில் தொங்கவிடச் சொல்லி, அதை ஆய்வகத்தில் வெட்டிப் பார்க்கலாம். அதே பட்டையின் ஒரு முனையைத் திரும்பத் திரும்ப மடக்கினால் முலாமின் பிடிமானமும் தெரிந்துவிடும்: இரும்பு முறியும்போது முலாம் செதிலாகப் பெயரக்கூடாது.

கடைசியாக குரோம். கரைசலில் இருக்கும் குரோமியத்தின் இணைதிறன் ஆறா மூன்றா என்பதைப் பொறுத்து ஹெக்சாவேலன்ட், ட்ரைவேலன்ட் என்று இரண்டு வகைக் குளியல் (முலாம் கரைசல்) இருக்கிறது. முதலாவது பழைய கார்களில் இருந்த அதே நீலவெண்மை தரும். ஆனால் அந்தக் கரைசல் புற்றுநோய் உண்டாக்குவது, வேலை செய்கிறவர்களின் நுரையீரலுக்கு ஆபத்து. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 செப்டம்பர் 21-க்குப் பிறகு தனி அனுமதி இல்லாமல் அதைப் பயன்படுத்த முடியாது. மற்ற இடங்களிலும் கட்டுப்பாடு இறுகிக்கொண்டே வருகிறது. ட்ரைவேலன்ட் குளியல் அவ்வளவு நச்சு இல்லை. தொடக்கத்தில் வந்தவை சற்றுக் கருத்த சாயல் தந்தன, இப்போதைய சல்ஃபேட் வகைகள் பழைய நிறத்துக்கு வெகு அருகில் வந்துவிட்டன. தாங்கும் விஷயத்தில் பம்பரின் விதியை எழுதுவது அடியில் இருக்கும் நிக்கல்தான் என்பதால், ட்ரைவேலன்ட் என்ற காரணத்துக்காக ஒரு நல்ல பட்டறையை ஒதுக்க மாட்டேன். ஒரே காரில் இரண்டையும் கலப்பதைத்தான் தவிர்க்க வேண்டும்: முன்பம்பர் ஒன்றிலும் பின்பம்பர் மற்றதிலும் போட்டால் வெயிலில் பக்கத்தில் பார்க்கும்போது வித்தியாசம் கண்ணை உறுத்தும். எல்லா உறுப்புகளையும் ஒரே பட்டறையில், ஒரே தடவையில் கொடுங்கள்.

இந்த வழியின் குறை, காலமும் செலவும். நல்ல பட்டறைகளில் வரிசை நீளம், உங்கள் பம்பர் மாதக்கணக்கில் அங்கே கிடக்கும். மற்றபடி உங்கள் காரோடு பிறந்த இரும்பு, அதன் துளைகள், அதன் வளைவு எல்லாம் காரில் திரும்பவும் உட்கார்ந்துவிடும்.

மெல்லிய வேலை

அதே பட்டறையில் பாதி விலைக்கு ஒரு வேலை கிடைக்கும். செம்பு இல்லாமல், இரும்பை பாலிஷ் போட்டு, ஒற்றைப் பளபளப்பு நிக்கல் கொஞ்சம், மேலே குரோம். மேசைக்காலுக்கும் அலமாரிப் பிடிக்கும் இது போதும். அவை தரநிலையின் முதல் இரண்டு வகுப்பில் வருபவை. பம்பருக்கு இது போதாது. கண்காட்சிக்கு மட்டும் வெளியே வரும், மழை காணாத கார் என்றால்கூட நான் பரிந்துரைக்க மாட்டேன். ஏனென்றால் அதைக் கழற்றிவிட்டு மறுபடி ஏற்றும்போது பம்பர் இன்னொரு முறை ஆசிட்டும் தேய்ப்பும் தாங்க வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் இரும்பு குறைகிறது.

புதிதாகச் செய்த குரோம் பம்பர்

ஓரளவு பரவலாக ஓடிய மாடல்களுக்குப் புதுப் பிரதி பம்பர்கள் கிடைக்கின்றன. விலை பெரும்பாலும் முழுமுறை மறுகுரோமைவிடக் குறைவு, பெட்டியைப் பிரித்து மாட்டிவிடலாம். ஆனால் இரும்பு மெலிது, முனைகளின் வளைவு பழையதோடு ஒத்துப்போகாது, பிராக்கெட் துளை அரை விரற்கடை தள்ளியிருக்கும். முலாமின் தடிமனைப் பற்றி விற்பவருக்கே தெரியாது. வாங்கினால் பாதுகாப்புத் தாளைப் பிரிக்காமலே காரில் வைத்துப் பொருத்திப் பாருங்கள்; ஒருமுறை போல்ட் முடுக்கிய தடம் விழுந்துவிட்டால் திருப்பித் தர முடியாது.

பழைய பம்பர் தேறவே தேறாது, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் கிடைக்கவில்லை என்ற நிலையில், பிரதி ஒன்றை வாங்கி, அதன் முலாமைக் கழற்றி, சரியான தடிமனில் மறுபடி ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். இரட்டைச் செலவு போலத் தோன்றும். குழியில்லாத புது இரும்பு என்பதால் டிங்கரிங்கும் நிரப்புதலும் மிச்சமாகும். கணக்குப் பார்த்தால் அவ்வளவு அநியாயம் இல்லை.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பம்பர்

எம்ஜிபி, பழைய பீட்டில், வோல்வோ அமேசான் போன்ற பிரபலமான பழைய கார்களுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பிரதிகள் கிடைக்கின்றன. தாங்குவதில் இதை மிஞ்ச ஒன்றுமில்லை. முலாமே இல்லாததால் உரியவும் கொப்புளிக்கவும் எதுவும் இல்லை. கீறல் விழுந்தால் கையால் பாலிஷ் போட்டு எடுத்துவிடலாம். கடற்கரையோரம் ஓடும் காரில் உப்பு படிந்து மேலே தேநீர்க்கறை போல லேசாகப் பழுக்கும். கழுவினால் போய்விடும், ஆழமாக இறங்காது.

நிறம்தான் இங்கே கேள்வி. குரோமின் நீலச்சாயல் இதில் இல்லை, சற்றுச் சூடான சாம்பல் வெண்மை. பம்பர் தனியாக இருந்தால் யாருக்கும் தெரியாது. பக்கத்திலேயே குரோம் கிரில்லும் விளக்கு வளையமும் இருந்தால் பழகிய கண் கண்டுபிடித்துவிடும். அசல்தன்மைக்கு மதிப்பெண் போடும் போட்டிகளில் இது குறையாகத்தான் கருதப்படும். அப்புறம், பெரிய பம்பர்களை இரண்டு மூன்று துண்டுகளாக அச்சில் அழுத்தி வெல்டிங் செய்து சேர்த்திருப்பார்கள். இணைப்பு வந்த இடத்தில் ஒரு குழல்விளக்கின் பிம்பத்தைப் பிடித்து நகர்த்திப் பாருங்கள். விளக்கின் நேர்கோடு அந்த இடத்தில் நெளிந்தால் பாலிஷ் சரியில்லை என்று அர்த்தம்.

ஓட்டுவதற்காகவே வைத்திருக்கும் கார், பழைய பம்பரில் ஓட்டைகள், மழையிலும் வெளியே எடுக்கிற பழக்கம்: இந்த மூன்றும் சேர்ந்தால் நான் யோசிக்காமல் இதைத்தான் எடுப்பேன். பழைய பம்பரைத் தூக்கிப்போடாமல் எண்ணெய் தடவிப் பரணில் வைத்துவிடுங்கள். காரை வாங்கப்போகும் அடுத்தவர் அதைக் கேட்பார்.

மாற்றிக்கொள்ளும் பம்பர், பழைய இருப்பு

உங்கள் பழையதைக் கொடுத்துவிட்டு, ஏற்கெனவே குரோம் போட்டுத் தயாராக இருக்கும் ஒன்றை வாங்கிக்கொள்ளும் ஏற்பாடும் உண்டு. காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் கைக்கு வருவது யாரோ ஒருவரின் பம்பர். எத்தனை முறை தேய்த்தார்கள், எதை வைத்து நிரப்பினார்கள் என்று குரோமுக்குமேல் பார்த்துச் சொல்ல முடியாது. உள்பக்கத்தைப் பாருங்கள்: வெல்டிங் தடங்களைச் சமன்செய்யாமல் விட்டிருந்தால் அது நேர்மையான பட்டறை, முதுகு முழுவதும் கனமாகக் கறுப்புப் பூச்சு அப்பியிருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

அந்தக் காலத்திலேயே தயாரித்து, விற்காமல் பெட்டியில் கிடந்த அசல் பம்பர் கிடைத்தால் அது பெரும் அதிர்ஷ்டம். விலையும் அதற்கேற்றபடிதான் இருக்கும். தாளில் சுற்றி ஈரத்தில் கிடந்ததா என்று மட்டும் பார்த்துக்கொண்டு வாங்கிவிடலாம்.

ஸ்ப்ரே குரோமும் பிவிடியும்

ஸ்ப்ரே குரோம் என்பது கறுப்புப் பெயின்ட்டின் மேல் வெள்ளி உப்புக் கரைசலைத் தெளித்துக் கண்ணாடிப் படலம் உண்டாக்கி, மேலே கிளியர் கோட் அடிப்பது. ஆகப் பாதுகாப்பு முழுவதும் பெயின்ட்டின் பாதுகாப்புதான். கல்லடி பட்டால் பெயரும், வெயிலில் கிளியர் மஞ்சளிக்கும், பெயர்ந்த ஓரத்தில் வெள்ளி கறுக்கும். முலாம் ஏற்ற முடியாத பிளாஸ்டிக் உறுப்புகளுக்கு, குறிப்பாக காருக்குள் இருப்பவற்றுக்கு, இது நல்ல வழி. பம்பருக்கு வேண்டாம்.

வெற்றிட அறையில் ஆவியாக்கிப் படியவைக்கும் பிவிடி முறை கடினமான, அழகான பரப்பு தரும். ஆனால் அதன் தடிமனும் மிகக் குறைவு, இரும்பைக் காக்க அடியில் நிக்கல் வேண்டும். அந்த நிக்கலைச் சரியாகப் போடும் பட்டறை கிடைத்துவிட்டால் அங்கேயே குரோமும் போட்டுக்கொள்ளலாமே.

கொடுக்கும்போதும் வாங்கும்போதும்

டிங்கரிங் முடிந்து, முலாம் ஏறுவதற்கு முன், பம்பரை ஒருமுறை காரில் மாட்டிப் பாருங்கள். பிராக்கெட், ஓவர்ரைடர் (பம்பரின் மேல் செங்குத்தாக நிற்கும் தடுப்பு), நம்பர் பிளேட் எல்லாவற்றோடும். துளை சரியில்லை என்றால் திருத்த வேண்டிய நேரம் அதுதான்; குரோம் ஏறியபின் துளையிட்டால் அந்த விளிம்பிலிருந்து துரு தொடங்கும். உள்பக்கத்தில் பெயரெழுத்தைப் பொறித்துவிடுங்கள், காகிதச் சீட்டு ஆசிட்டில் நிற்காது. கைப்பிடி, சின்னம் போன்ற துத்தநாக வார்ப்பு உறுப்புகளைத் தனியாகப் பிரித்துக் கொடுங்கள். இரும்புக்கான ஆசிட்டில் போட்டால் அவை கரைந்தே போகும்.

வாங்கும்போது வெயிலுக்குக் கொண்டுவாருங்கள். பள்ளங்களில் மஞ்சள் சாயல் தெரிந்தால் அங்கே குரோம் ஏறவில்லை, நிக்கல் வெறுமையாக இருக்கிறது. விளிம்பில் சாம்பல் நிறமாக மங்கியிருந்தால் மின்னோட்டம் அதிகமாகிக் கருகியிருக்கிறது. மடிப்புகளையும் இரட்டைத் தகடு சேரும் இடங்களையும் நன்றாகக் கழுவி உலர்த்தினார்களா என்று கேளுங்கள். உள்ளே தேங்கிய ஆசிட் வாரக்கணக்கில் வெளியே கசிந்துகொண்டிருக்கும்.

காரில் மாட்டுவதற்குமுன் முதுகுப்பக்கத்துக்குப் பெயின்ட் அடிப்பது பலரும் விட்டுவிடும் வேலை. அங்கே முலாம் மிக மெலிது, சில இடங்களில் இல்லவே இல்லை. எபாக்சி பிரைமர், மேலே அலுமினியப் பெயின்ட், மடிப்புக்குள் துருத்தடுப்பு மெழுகு. ஓவர்ரைடருக்கும் பம்பருக்கும் நடுவில் வரும் ரப்பர் பட்டைக்கு அடியிலும் அதே மெழுகு, ஏனென்றால் தண்ணீர் தேங்கும் இடம் அதுதான். பம்பர் முகத்தில் தெரியும் போல்ட்டுகளுக்கு ஸ்டெயின்லெஸ் தொப்பி வைத்தவை கிடைக்கின்றன, அவற்றையே வாங்குங்கள். பிராக்கெட்டைத் தாங்கும் உறுதியான எஃகு போல்ட்டுகளை மட்டும் பட்டறையில் கொடுக்க வேண்டாம்: ஆசிட்டிலும் முலாம் தொட்டியிலும் கடினமான எஃகுக்குள் ஹைட்ரஜன் ஏறி, முடுக்கிய பிறகு ஒருநாள் திடீரென்று முறியும்.